எக்ஸ்ட்ரூடர் இயக்கும் தம்பிகளுக்கு

அம்பர்நாத் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வேலைக்குச் சேரும் நம் இளைஞர்கள் அறிய வேண்டியவை சில.

எக்ஸ்ட்ரூடரை முறுக்கு அச்சின் பெரிய அண்ணன் எனலாம். சூடான பேரலுக்குள் சுழலும் ஸ்குரூ, குருணையை உருக்கித் தள்ள, அது டை வழியே குழாயாக வெளிவருகிறது.

காலையில் ஹீட்டர் போட்டவுடனே மோட்டாரை ஓட்டாதீர்கள். மீட்டர் காட்டுவது பேரல் உலோகத்தின் வெப்பத்தை. உள்ளே தங்கிய சரக்கு இன்னும் கட்டியாக இருக்கலாம். அப்போது சுழற்றினால் ஸ்குரூ முறியலாம். அழுத்தம் ஏறி, உருகிய சரக்கு டையிலிருந்து பீறிடலாம். எனவே வெப்பம் உள்ளே ஊற அவகாசம் கொடுங்கள். தொடங்கும்போது டைக்கு நேரே நிற்க வேண்டாம்.

பி.வி.சி.க்குத் தனிக் கவனம் தேவை. சுமார் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் தேங்கி நின்றால் அது கருகி, ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். கண்ணும் தொண்டையும் எரியும், இரும்பும் அரிக்கும். மெஷினை நிறுத்துமுன் தகுந்த வேறு சரக்கை விட்டு பி.வி.சி.யை முழுதும் வெளியேற்றுவதே முறை.

உருகிய சரக்கு தோலில் ஒட்டினால் பிய்க்காதீர்கள். ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் விரையுங்கள்.

சுழலும் பாகங்களுக்குக் காப்பு வேண்டுமென 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. அவசர ஆர்டர் என்று அதைக் கழற்றச் சொன்னால், பணிவோடு மறுத்துவிடுங்கள். ஆர்டர் மறுபடி வரும், விரல் வராது.