பட்டறிவே தகுதியாகும் தொழில்

கோலார் தங்கவயலில் வேலை என்றால், ஒரு காலத்தில் நிலத்துக்கடியில் இறங்குவது என்றே பொருள். தமிழகத்திலிருந்து சென்று குடியேறிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பாறையைத் துளைத்தன. அப்போது எழுந்த நுண்துகள் அவர்களுடைய நுரையீரலில் படிந்தது. 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்ததில் 3,402 பேரிடம் சிலிக்கோசிஸ் நோய் காணப்பட்டது. அதாவது, 100 பேரில் ஏறத்தாழ 44 பேர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. நுரையீரலில் படிந்த துகளோ அகல்வதில்லை.

இந்நோய் கண்டவரைப் பார்த்த மாத்திரத்தில் குறை எதுவும் தெரியாது. ஆயினும் சில படிகள் ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். நீண்ட வரிசையில் நிற்க இயலாது. வாசலில் சாய்தளம் ஒன்றைக் கட்டிவிட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடு முடிந்தது என்று ஒரு வங்கிக் கிளை எண்ணுமானால், இவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். இவருக்கு வேண்டியது ஒரு நாற்காலியும், அமர்ந்தபடியே தம் முறைக்குக் காத்திருக்க ஒரு டோக்கனும்தான். கட்டடத்தை வரைந்தவருக்குத் தோன்றாத இச்செய்தி, அதைப் பட்டு அறிந்தவருக்குத் தெரியும். அந்தப் பட்டறிவையே தொழில்திறனாக வளர்த்துக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் இன்று அணுகல்தன்மை ஆலோசகர்களாகப் பணியாற்றுகிறார்கள்.

ஆலோசகர் என்ன செய்கிறார்?

முதலில் அவர் அளக்கிறார். 15 செ.மீ. உயரமுள்ள ஒரே படிக்குக்கூட, 1:12 என்ற விகிதத்தில் 180 செ.மீ. நீளமுள்ள சாய்தளம் வேண்டும். அதைவிடக் குறைத்துக் கட்டினால் சக்கர நாற்காலியில் வருபவர் தாமாக ஏற இயலாது. கதவின் அகலம், கவுன்ட்டரின் உயரம், நாற்காலியைத் திருப்புவதற்கான இடம் ஆகியவற்றையும் அவர் பார்க்கிறார். பிறகு பணியாளர்களிடம் பேசுகிறார். கூட்டத்தில் பேசப்படுவது செவித்திறன் குறைந்தவருக்கு எழுத்தில் கிடைக்கிறதா? அலுவலக மென்பொருளைத் திரைவாசிப்பான் படிக்கிறதா? பணி நேரத்தைச் சற்று மாற்றித் தர முடியுமா?

கடைசிக் கேள்வி தங்கவயல்வாசிகளுக்கு நன்கு விளங்கும். சுரங்கம் மூடப்பட்டபின், அவ்வூரார் பலர் வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலில் சென்று வருகிறார்கள். நெரிசலான பெட்டியில் ஊன்றுகோலுடன் ஏற முடியாதவருக்கு, பெங்களூர் அலுவலகத்தின் லிஃப்ட் எவ்வளவு சிறப்பாக இருந்தும் பயனில்லை. ஆகவே, பணியிட வசதி என்பது வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறது.

ஒருவருடைய பட்டறிவு மட்டும் எல்லோருக்கும் போதுமானதன்று. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் புடைப்புத் தரையோடு, சக்கர நாற்காலியை உலுக்கக்கூடும். இவ்விருவர் தேவையையும் ஒருசேர நிறைவு செய்யத் தர அளவுகளைக் கற்க வேண்டும்; பிறருடைய அனுபவத்தைக் கேட்க வேண்டும். அணுகல்தன்மைத் துறையில் முறையான சான்றிதழ்த் தேர்வுகளும் உள்ளன. எனவே, இது ஊதியம் தரப்பட வேண்டிய தொழில். டிசம்பர் 3 அன்று ஒருவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்புவது, ஆலோசனை பெற்றதாகாது.

சட்டம் சொல்வது

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசு நிறுவனங்களில் பணிக்காலத்தில் ஒருவருக்கு இயலாமை ஏற்பட்டால், அதைக் காரணம் காட்டி அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. வகித்த பணி அவருக்குப் பொருந்தாதபோது, அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்று அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு கூறுகிறது. உடலைப் பணயம் வைத்து உழைத்த ஊராருக்கு இதன் அருமையை எடுத்துரைக்கத் தேவையில்லை.

பார்வைத்திறன் குறைந்த ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. அணுகல்தன்மைத் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடலாகாது. கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளும் வகுக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

வங்கியாளர்களாகிய நம்மை நேரடியாகத் தொடும் தீர்ப்பு 2025 ஏப்ரல் 30 அன்று வந்தது. இணையவழி கேஒய்சி சரிபார்ப்பில், உயிருள்ளவர் என்பதை மெய்ப்பிக்கக் கண்ணிமைக்கும்படி கேட்கப்படுகிறது. அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்தவர்கள் எவ்வாறு இமைப்பார்கள்? அமில வீச்சிலிருந்து மீண்ட பிரக்யா பிரசூனும், பார்வையற்ற வழக்கறிஞரும் அணுகல்தன்மை வல்லுநருமான அமர் ஜெயினும் நீதிமன்றத்தை நாடினார்கள். எண்ணிமச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதியே என்று அறிவித்த உச்ச நீதிமன்றம் 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. சான்று பெற்ற வல்லுநர்களைக் கொண்டு குறித்த காலங்களில் தணிக்கை செய்ய வேண்டும் என்பதும், செயலியோ இணையதளமோ உருவாகும்போதே பார்வையற்றவர்களைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். பட்டறிந்தவரின் ஆலோசனை இனி நம் விருப்பத்தைப் பொறுத்ததன்று, நமது கடமை.

வாடிக்கையாளர் செய்யக்கூடியது

70 வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அடிப்படை வங்கிச் சேவைகளை வீட்டுக்கே சென்று வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளை அறிவுறுத்தியது. உங்கள் கிளையில் இதைக் கேட்டுப் பெறுங்கள். படியோ, கவுன்ட்டரோ, செயலியின் ஒரு பொத்தானோ உங்களைத் தடுத்தால், எந்த இடத்தில், எப்படித் தடுத்தது என்பதைக் கிளை மேலாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். "வசதி போதவில்லை" என்பதைவிட, "வாசலில் பிடித்து ஏறக் கைப்பிடி இல்லை" என்ற ஒரு வரி விரைவில் வேலையை நடத்தும். வீட்டிலுள்ள முதியவர் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கினால், அவர் சார்பில் நீங்கள் எழுதலாம். எழுதுமுன், எங்கே சிரமப்படுகிறார் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.