பச்சைப் புலி

பச்சை நிறத்தில் புலி பார்த்திருக்கிறீர்களா? காட்டில் கிடையாது. பொம்மைக் கடையில் உண்டு!

1982-ல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் ஹீ-மேன் என்ற வீரன் பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவன் ஏறிவரும் வாகனம்தான் இந்தப் புலி. பெயர் பேட்டில் கேட். ஆனால் அது அவனுக்காகச் செய்த புலியே இல்லை. அதே நிறுவனம் எழுபதுகளில் விற்ற பிக் ஜிம் என்ற சாகசக்காரப் பொம்மைக்குத் துணையாக வந்த புலி. பிக் ஜிம் நல்ல உயரம். ஹீ-மேனோ கிட்டத்தட்ட அதில் பாதிதான். அவன் பக்கத்தில் நிறுத்தினால் புலி குதிரை மாதிரி தெரிந்தது. சரி, ஏறி உட்காரட்டுமே என்று முதுகில் ஒரு சேணத்தைப் பூட்டி, பச்சைச் சாயம் அடித்து, ஆரஞ்சு வரிகள் போட்டு, தலையில் கவசமும் மாட்டிவிட்டார்கள். புதுப் புலிக்கு அச்சு செய்யும் செலவு மிச்சம்!

இன்னொரு வேடிக்கை, ரோஜர் ஸ்வீட் என்ற வடிவமைப்பாளர் ஹீ-மேனுக்காகச் செய்து காட்டிய முதல் மாதிரிகளே, பிக் ஜிம் பொம்மையின் மேல் களிமண்ணை அப்பித் தசை ஏற்றியவைதான்.

இப்போதும் பொம்மைப் பிரியர்கள் ஒன்றின் தலையை இன்னொன்றின் உடம்பில் மாட்டிப் புது வீரர்களை உருவாக்குகிறார்கள். தலை வரவில்லையா? கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்தால் பிளாஸ்டிக் இளகிவிடும், உடையாமல் கழன்று வரும். வெந்நீர் வேலை மட்டும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்!