கடையில் நின்று குடித்த கலர்

கோலி சோடாவைக் கடையில் நின்றுதான் குடிக்க வேண்டும். பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப்போகக் கடைக்காரர் சுலபத்தில் விடமாட்டார்; விட்டாலும் முன்பணம் வாங்கிக்கொள்வார். உள்ளே இருக்கிற சோடாவைவிடப் பாட்டில்தான் அவருக்குப் பெரிது. 1960களிலும் 70களிலும் தமிழ்நாட்டில் வளர்ந்த பிள்ளைகள் எவ்வளவு குடித்தார்கள், எப்போது குடித்தார்கள் என்பதையெல்லாம் தீர்மானித்தது இந்த ஒரு ஏற்பாடுதான்.

அந்தப் பாட்டிலை வடிவமைத்தவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1870களின் தொடக்கத்தில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். கார்க் அடைப்பு காய்ந்தால் வாயு கசிந்துவிடும் என்பதுதான் அன்றைய தொல்லை. காட் அடைப்பைப் பாட்டிலுக்கு உள்ளேயே வைத்தார். கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயில் ஒரு ரப்பர் வளையம். வாயு ஏற்றும்போது பாட்டில் தலைகீழாக இருக்கும். கோலி தானாக வாய்ப்பக்கம் உருண்டு வரும். நிமிர்த்திய பிறகு உள்ளிருக்கும் அழுத்தமே அதை ரப்பரோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கட்டைவிரலாலோ மரக்கட்டையாலோ ஓர் அழுத்து அழுத்தினால் கோலி கீழே இறங்கும், சோடா பொங்கும். கழுத்தில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். அந்தப் பக்கம் கோலி தங்கும்படி பாட்டிலைச் சாய்த்தால் தடையில்லாமல் குடிக்கலாம். மாற்றிச் சாய்த்தால் கோலி வந்து வாயை அடைத்துக்கொள்ளும். இந்த நுணுக்கத்தைத் தெருப்பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டார்கள்.

வாயு அடிக்கும் எந்திரமும் எளிமையானது. இரும்புக் கம்பி போட்ட கூண்டுக்குள் பாட்டில்களைப் பொருத்தி, கைப்பிடியால் சுற்றுவார்கள். ஒரு சிறிய கொட்டகையும், நல்ல தண்ணீரும், வாயு உருளையும், நாலைந்து ஆட்களும் இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம். அதனால்தான் ஊருக்கு ஒரு சோடா கம்பெனி முளைத்தது. பன்னீர், ஜிஞ்சர், லெமன், ஆரஞ்சு, திராட்சை என்று எல்லா ஊரிலும் பெயர்கள் ஒன்றுதான். ருசி ஊருக்கு ஊர் மாறும். விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போன பிள்ளைக்கு அந்த ஊர்ப் பன்னீர் சோடா புதிதாக இருக்கும்.

பிள்ளைகளுக்கு அது தினமும் கிடைத்த பண்டம் இல்லை. கோயில் திருவிழா, டூரிங் டாக்கீஸ் இடைவேளை, கல்யாணம், பஸ் ஸ்டாண்டில் அப்பாவின் நல்ல மனநிலை, இவைதான் சந்தர்ப்பங்கள். இன்னொன்று, வீட்டுக்கு விருந்தாளி வருவது. கலர் என்றால் சாயம் போட்ட இனிப்புச் சோடா. “ஓடிப்போய் ரெண்டு கலர் வாங்கிட்டு வாடா” என்று அம்மா சொன்னால், வாங்கிவரும் பையனுக்கு ஒரு கணக்கு உண்டு. விருந்தாளி மரியாதைக்காகப் பாட்டிலின் அடியில் இரண்டு மடக்கு மிச்சம் வைப்பார். அது அவனுடையது. தங்கைக்குப் பங்கு கொடுத்தபின் எஞ்சுவது நாக்கை நனைக்கும் அளவுதான். அந்தச் சிறிய அளவை நான் பெருமதிப்போடு நினைக்கிறேன்.

கோலிக்குப் போட்டியாக மூடி போட்ட பாட்டில்கள் வந்தன. விருதுநகரில் 1916இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனம் பின்னாளில் தந்த பொவொண்டோ, தென்மாவட்டப் பிள்ளைகளின் திருவிழா பானமாயிற்று. பார்லே நிறுவனத்தின் கோல்ட் ஸ்பாட் ஆரஞ்சு நிறத்திலேயே ஆளை இழுத்தது. 1977இல் கோக கோலா இந்தியாவை விட்டு வெளியேறியபின் உள்நாட்டுப் பானங்களுக்கு நல்ல காலம். 1993இல் அது திரும்பி வந்தது. பார்லேயின் கோல்ட் ஸ்பாட், தம்ஸ் அப், லிம்கா எல்லாம் அதன் கைக்குப் போயின. கோல்ட் ஸ்பாட் கடைகளிலிருந்து காணாமல் போனது. ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் ருசியை விலைக்கு வாங்கி மூடி வைத்ததாகவே அதை நான் பார்க்கிறேன். பிளாஸ்டிக் பாட்டில் வந்தபின் ஊர்ச் சோடா கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் படுத்தன.

பழையது என்பதால் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கழுவிய தண்ணீரின் சுத்தத்துக்கு உத்தரவாதம் கிடையாது. சாயம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வாயு அடிக்கும்போது பாட்டில் வெடித்துக் கண்ணையும் கையையும் காயப்படுத்திக்கொண்ட தொழிலாளிகள் உண்டு. கலரில் சர்க்கரையும் இருந்தது. ஆனால் ஒரு பாட்டில் சுமார் 200 மில்லி. கடையிலேயே குடித்துத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இன்று இரண்டு லிட்டர் பாட்டில் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் படுத்திருக்கிறது. இனிப்புக் குளிர்பானங்களில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை. நாளொன்றுக்குப் பெரியவர்களுக்கே 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரிய டம்ளரில் ஒரு தரம் ஊற்றினால் பிள்ளையின் கணக்கு முடிந்துவிடுகிறது.

ஜப்பானில் இதே கோலி பாட்டிலில் ராமுனே என்ற பானம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து விற்கிறது. கோடைத் திருவிழாவில் அங்கே பிள்ளைகள் இன்றும் அதைத்தான் தேடுகிறார்கள். அதைத் தயாரிப்பவை பெரும்பாலும் சிறு, நடுத்தர நிறுவனங்கள். நமக்கும் அந்த ஆசை அற்றுப்போகவில்லை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின், மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது உள்ளூர்ப் பானங்களை மக்கள் கேட்டு வாங்கினார்கள். பன்னீர் சோடாவும் கோலி சோடாவும் மறுபடி கடைகளில் தென்படுகின்றன. ஆனால் பல இடங்களில் அவை தூக்கியெறியும் பாட்டிலில் வருகின்றன. பெயரை மட்டும் மீட்டு, பாட்டிலைத் திருப்பித் தரும் பழக்கத்தை விட்டுவிட்டோம்.

அந்தப் பழக்கம் இனி நடக்காது என்று சொல்ல முடியாது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் கடைகள் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறையைத் தொடங்கின. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. மதுபாட்டிலுக்குச் செய்ததைக் குளிர்பானத்துக்கும் அரசு செய்யட்டும். உங்கள் ஊரில் இன்னும் கண்ணாடிப் பாட்டிலில் சோடா போடுகிறவர் இருந்தால், வீட்டு விசேஷத்துக்கு அவரிடமே சொல்லுங்கள். காலிப் பாட்டில்களை எண்ணித் திருப்பிக் கொடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.