ஒரு பாயிண்ட் சிவப்பு

அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் இருப்பது தரமணியில். ஆனாலும் "அடையாறு இன்ஸ்டிட்யூட்ல படிச்சவர்" என்றுதான் கோடம்பாக்கம் இன்றுவரை சொல்கிறது. 1945-இல் மத்திய பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்றுத்தரும் துறையாகத் தொடங்கி, இப்போது எம்.ஜி.ஆர். பெயரில் நடக்கிற அரசுக் கல்லூரி அது. பி.சி.ஸ்ரீராம் அங்கே படித்தவர். ராஜீவ் மேனனும் அப்படியே. 1986-இல் வந்த 'ஊமை விழிகள்' இன்ஸ்டிட்யூட் மாணவர்களின் படம் என்றே ஊரெல்லாம் பேசப்பட்டது. ஒளிப்பதிவு படிக்கப் போனவர்கள் அங்கே முதலில் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது பொறுமையை. எடுத்த நிறத்தை எடுத்த இடத்தில் பார்க்க வழியில்லை. ஒளிமானியில் முள் காட்டிய அளவை நம்பி, மனசுக்குள் ஒரு படத்தை ஓட்டிப் பார்த்து, கேமராவை இயக்க வேண்டும். அது சரியா தப்பா என்று ஃபிலிமைக் கழுவும் லேப்தான் சொல்லும்.

சென்னையில் அந்த லேப்கள் பிரசாத், ஜெமினி, விஜயா என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. பிரசாத் லேப் 1976-இல் வந்தது. ஒரு தமிழ்ப் படத்தின் நிறம் என்னவாக இருக்க வேண்டும் என்பதற்கான அளவுகோல் அந்தக் கட்டடங்களுக்குள் இருந்தது. வெளியே வேறெங்கும் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் மானிட்டர் கேலிபரேஷன் ஏதோ கம்ப்யூட்டர் வந்த பிறகு முளைத்த வேலை என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். லேபில் தினமும் நடந்தது அதே வேலைதான், ரசாயனத்தில் நடந்தது.

கோடக் கலர் நெகட்டிவைக் கழுவும் டெவலப்பர் தொட்டியின் வெப்பம் 41.1 டிகிரி செல்சியஸ். அதில் பத்தில் ஒரு டிகிரி மேலே போகலாம், கீழே வரலாம், அதற்கு மேல் கூடாது. ஃபிலிம் அதில் நனைந்திருக்கும் நேரம் மூன்று நிமிடம். மே மாத மெட்ராஸ் வெயிலில், மின்வெட்டுக்கு நடுவில், அந்தப் பத்தில் ஒரு டிகிரியைக் காப்பாற்றியவர்களின் பெயர் டைட்டில் கார்டுகளில் தனியாக வருவது அரிது. படத்தின் ஃபிலிமைத் தொட்டியில் இறக்கும் முன் கட்டுப்பாட்டுப் பட்டை ஒன்றை ஓடவிடுவார்கள். அளந்து ஒளி காட்டிய படிகள் அதில் வரிசையாக இருக்கும். கழுவி வந்ததும் ஒவ்வொரு படியின் அடர்த்தியையும் டென்சிட்டோமீட்டரில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று முறை படித்து வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். புள்ளி கோட்டை விட்டு நகர்ந்தால் ரசாயனத்தைச் சரிசெய்த பிறகே தயாரிப்பாளரின் நெகட்டிவ் உள்ளே போகும்.

அதற்கடுத்த ஆள் ஷாட்டுகளின் நிறத்தைச் சமன்செய்யும் கிரேடர். நெகட்டிவிலிருந்து பாசிட்டிவ் எடுக்கும் பிரிண்டரில் மூன்று ஒளிகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 50 வரை அளவு, 25 நடு. ஒரு பாயிண்ட் கூட்டினால் ஒளி சுமார் 6 சதவீதம் ஏறும், பன்னிரண்டு பாயிண்டில் இரட்டிப்பாகும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்று எண். காலைக் காட்சியும் மறுநாள் மாலை எடுத்த அதே காட்சியின் மிச்சமும் ஒட்டிக்கொள்வதும், கதாநாயகியின் முகம் ஷாட்டுக்கு ஷாட் மாறாமல் இருப்பதும் இந்த மூன்று எண்களால்தான். இதில் தலைகீழாக ஒரு கணக்கும் உண்டு. பிரிண்டில் சிவப்பு தூக்கலாக இருந்தால் சிவப்பு ஒளியைக் கூட்ட வேண்டும்! பாசிட்டிவில் சிவப்பு ஒளி எழுப்புவது சிவப்பின் எதிர்நிறச் சாயத்தை. ஒளிப்பதிவாளர் "சிவப்பைக் கொஞ்சம் குறைங்க சார்" என்பார், கிரேடரின் கை சிவப்பை ஒரு பாயிண்ட் ஏற்றும். பல வருடம் இதிலேயே ஊறியவர்களுக்கு யோசிக்க நேரமே தேவைப்படவில்லை.

ஃபர்ஸ்ட் காப்பி வந்ததும் லேபின் பிரிவியூ தியேட்டரில் இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் கிரேடரும் ஒரே திரையை, ஒரே விளக்கில், ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். கருத்து வேறுபாடு வரலாம். ஆனால் மூன்று பேர் பார்த்ததும் ஒரே நிறம். 1987-இல் வந்த 'நாயகன்' படத்துக்காக ஸ்ரீராம் தேசிய விருது பெற்றார். அந்த மண் நிற வெளிச்சம் இன்றும் பேசப்படுகிறது. ஒளிப்பதிவுக்கான தேசிய விருதுப் பட்டியலில் கேமராமேனின் பெயரோடு படத்தைக் கழுவிய லேபின் பெயரும் இடம்பெறும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. நிறத்தில் பாதிப் பொறுப்பு யாருடையது என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருந்தது.

அந்தக் காலத்தைக் கும்பிடவும் எனக்கு மனமில்லை. லேப்கள் தங்களைச் சரிபார்த்துக்கொள்ள கோடக் கொடுத்த மாதிரிப் படத்தில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ஸ்டில் போட்டோ லேப்களுக்குப் போன மாதிரி அட்டையிலும் பல காலம் அப்படியே. அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது ஏற்பாடு. நம் ஊர்க் கறுப்பு, மாநிறம், வெயிலில் வியர்த்த தாமிர நிறம் எதுவும் அந்த அளவுகோலில் கிடையாது. அவற்றைக் காப்பாற்றியது கிரேடரின் கண்ணும் ஒளிப்பதிவாளரின் பிடிவாதமும். இன்றைய கேலிபரேஷன் கருவிக்கு முகம் தெரியாது. சாம்பல் பட்டை சாம்பலாக இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

நடுவில் ஒரு காலம் டி.வி. மானிட்டருடையது. 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது, 1982-இல் கலர் வந்தது. எடிட் அறைகளில் கனத்த குழாய் மானிட்டரை ஆன் செய்து அரை மணி நேரம் சூடேற விடுவார்கள். பிறகு கலர் பார் போட்டு, நீலத்தை மட்டும் காட்டும் பொத்தானை அழுத்தி, பட்டைகள் ஒன்றுபோலத் தெரியும்வரை குமிழைத் திருகுவார்கள். கண்ணால் செய்த கேலிபரேஷன். பக்கத்து அறை மானிட்டரும் இதுவும் ஒத்துப்போனால் அன்றைக்கு நல்ல நாள்.

2004-இல் ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்' ஃபிலிம் இல்லாமல் டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டில் எல்லாம் கவிழ்ந்தது. சென்னை ரியல் இமேஜ் நிறுவனத்தின் க்யூப் என்ற டிஜிட்டல் திரையிடல் முறை தியேட்டர்களில் ஃபிலிம் பெட்டியின் இடத்தைப் பிடித்தது. 2012-இல் கோடக் திவால் மனு போட்டது, 2013-இல் ஃபூஜி சினிமா ஃபிலிம் தயாரிப்பதை நிறுத்தியது, இங்கே தொட்டிகள் காய்ந்தன. அடையாற்றுக்கென்று இருந்த ஸ்டூடியோ, நெப்டியூனாகப் பிறந்து சத்யாவாகிய அது, அதற்கு வெகு முன்பே பெண்கள் கல்லூரியாகிவிட்டது.

இன்றைக்கு அடையாற்றில் நிறத்தை முடிவு செய்கிற இடம் எது என்று கேட்டால் ஒரு கட்டடத்தைக் கைகாட்ட முடியாது. இந்திரா நகரில் மாடிப்படிக்குப் பின்னால் ஓர் அறை, கஸ்தூர்பா நகரில் இரண்டு படுக்கையறை வீட்டின் ஒரு படுக்கையறை. வெப் சீரிஸுக்கு நிறம் சேர்ப்பவர், கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர், பட்டுப்புடவையை இணையத்தில் விற்பவர் எல்லாருமே இப்போது நிறக்காரர்கள்தான். அவரவர் மேஜையில் அவரவர் லேப். அந்த லேபின் கட்டுப்பாட்டுப் பட்டையைக் கவனிப்பதும் அவரவர் பொறுப்பாகிவிட்டது.

அந்த வேலை இப்படி நடக்கிறது. மானிட்டர் அரை மணி நேரமாவது ஓடியிருக்க வேண்டும். நிறத்தை அளக்கும், உள்ளங்கையில் அடங்கும் கலரிமீட்டரைத் திரையோடு ஒட்டினாற்போலத் தொங்கவிட்டால் மென்பொருள் வெள்ளை, சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொன்றாகக் காட்டும், கருவி படிக்கும். டி.வி.க்கும் ஓ.டி.டி.க்கும் போகிற வழக்கமான படம் என்றால் வெள்ளை 6500 கெல்வின், உச்ச ஒளி சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா, காமா 2.4. தியேட்டருக்குப் போகிறதென்றால் ஒளி 48 கேண்டெலா, நிற எல்லையே வேறு. ஆல்பம் அச்சடிப்பவருக்கு வேறு. வந்திருக்க வேண்டிய நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள தூரத்தை டெல்டா ஈ என்கிறார்கள். அது ஒன்றுக்குக் கீழே இருந்தால் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. இருக்கிற தூரத்தைச் சரிக்கட்ட ஒரு திருத்த அட்டவணையை மென்பொருள் எழுதி வைக்கும். அன்று வரைபடத்தில் வைத்த புள்ளியின் பேரப்பிள்ளை இது.

எண்கள் வந்தால் போதாது. அறையும் ஒத்துழைக்க வேண்டும். நம் வீட்டுச் சுவர்களுக்குப் பச்சையும் ரோஜா நிறமும் பிடிக்கும். பச்சைச் சுவரைப் பார்த்துப் பழகிய கண், திரையில் ரோஜாவைத் தானே சேர்த்துக்கொள்ளும். அதனால் மானிட்டருக்குப் பின்சுவர் சாம்பலாக இருக்க வேண்டும், மேற்கு ஜன்னலுக்குக் கனத்த திரை வேண்டும். பெசன்ட் நகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு எதிரி கடல் காற்று. பழைய கலரிமீட்டர்களின் உள்ளே இருந்த நிற வடிகட்டிகள் ஈரப்பதத்தில் கெட்டுப்போகிற வகை. அளக்கிற கருவியே பொய் சொல்லத் தொடங்கினால் யாரிடம் போய் முறையிடுவது? காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பதுதான் வழி. புதிய கருவிகள் இதில் எவ்வளவோ தேவலை.

கருவியை வணங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓர் எல்.சி.டி.யையும் ஓர் ஓலெட் திரையையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்தாலும் இரண்டு வெள்ளையும் கண்ணுக்கு வேறாகத் தெரியும். அளவு கணக்கு 1931-இல் வகுத்த சராசரிக் கண்ணை வைத்து நடக்கிறது. திரையின் ஒளி கூர்மையான நிறங்களால் ஆகும்போது அந்தச் சராசரியும் நம் கண்ணும் பிரிந்து போகின்றன. சோனி தன் ஓலெட் மானிட்டர்களுக்கு எண்ணிலேயே ஒரு நகர்த்தல் கொடுத்து இதைச் சமாளித்தது. கடைசித் தீர்ப்பு இன்னும் கண்ணிடம்தான் இருக்கிறது. கேலிபரேஷன் செய்வது அந்தக் கண்ணுக்கு எதிரே வருகிற சாட்சி பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வதைத்தான்.

அன்று இருந்து இன்று இல்லாதது அந்தப் பிரிவியூ தியேட்டர். நிறம் சேர்ப்பவர் சாம்பல் அறையில் உட்கார்ந்து கன்னத்தின் மாநிறத்தைப் பிசகாமல் நிறுத்துகிறார். இயக்குநர் அதை வளசரவாக்கத்துக்குப் போகும் காரில் போனில் பார்த்துவிட்டு "ரொம்ப மஞ்சளா இருக்கே தம்பி" என்று கூப்பிடுகிறார். போன் நீலம் பாய்ந்த பளிச் நிலையில் இருக்கலாம், இரவு நேர மஞ்சள் விழுந்திருக்கலாம். ஆளுக்கொரு நிறத்தைப் பார்த்துவிட்டு ஒரே நிறத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். பாதிச் சண்டைகள் ரசனை பற்றியவையே அல்ல. புடவை வியாபாரத்தில் இது பணமாகவே கரைகிறது. அரக்கு என்று வாங்கியது வீட்டில் தக்காளியாக வந்து நின்றால் திருப்பி அனுப்புகிறார்கள். மயில் கழுத்து நிறம் இன்னும் கஷ்டம். அதன் ஆழ்ந்த பச்சை நீலத்தில் ஒரு பகுதி சாதாரணத் திரையின் நிற எல்லைக்கே வெளியே இருக்கிறது. அதை விற்பவருக்குத் தன் மானிட்டர் எங்கே தோற்கிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

விலை கட்டுப்படியாகாது என்று இளைஞர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரெஃபரன்ஸ் மானிட்டர் அவர்களுக்கு எட்டாது. ஆனால் கலரிமீட்டர் அப்படியல்ல. தினமும் தேவைப்படுவதும் அல்ல. மாதத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம். ஒரு கருவியை ஒரு தெருவே பகிர்ந்துகொள்ளலாம். இன்ஸ்டிட்யூட் தன் மாணவர்களின் மடிக்கணினிகளுக்கு முதல் வாரத்திலேயே இதைச் செய்து கொடுக்கலாம். மெட்ராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டி போன்ற சங்கங்கள் நூலகப் புத்தகம்போல உறுப்பினர்களுக்கு இரவல் தரலாம், திரும்பி வரும்போது கருவியையும் ஒரு முறை சோதித்து வைக்கலாம். லேப்கள் இந்தச் சரிபார்ப்பைச் செய்தபோது அதன் செலவு பிரிண்ட் விலைக்குள் அடங்கியிருந்தது, எவரும் கணக்குக் கேட்கவில்லை. இப்போது கிரேடிங் கூலி பேசும்போதே கேலிபரேஷனுக்கென்று ஒரு வரியைப் பில்லில் சேர்க்கலாம், சேர்க்கத்தான் வேண்டும்.