டெலூஜ் தெரிஞ்சா வேலை கிடைக்குமா? ஜோஹோவின் ‘குட்டி’ நிரல் மொழியில் என்ன இருக்கு?

தென்காசி அருகே மத்தளம்பாறை கிராமத்தில் 2011-ல் ஜோஹோ அலுவலகம் வந்தபோது, அது திருநெல்வேலி மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானது 2019-ல்தான். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ‘ஜோஹோ டெஸ்க்’ இங்கே உருவானது பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் டெஸ்க், சிஆர்எம், கிரியேட்டர் போன்ற ஜோஹோ மென்பொருள்களை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ள ஒரு தனி நிரல் மொழியே இருப்பது அவ்வளவாகத் தெரியாது. அதன் பெயர் டெலூஜ்.

எதற்கு இது? பாளையங்கோட்டையில் ஒரு மருந்து டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய பில் பாக்கி வைத்திருக்கும் கடை புது ஆர்டர் போட்டால், உடனே அவருக்கு மெயில் வரணும். ஒவ்வொரு முதலாளியின் இப்படிப்பட்ட தேவையையும் எந்த மென்பொருள் நிறுவனமும் முன்கூட்டியே யோசித்து வைக்க முடியாது. டெலூஜில் சில வரிகளில் முடிந்துவிடும். மெயிலுக்கு ‘சென்ட்மெயில்’ என்றே ஒரு கட்டளை உண்டு.

பைதான் பழகியவர்கள் முதலில் தேடுவது ‘வைல்’ லூப்பை. கிடையாது! பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுக்கும் ‘ஃபார் ஈச்’தான் உண்டு. கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த நிரல் ஓடுவது பலரும் பகிர்ந்துகொள்ளும் ஜோஹோ சர்வரில். ஒருவர் எழுதிய முடிவில்லாத லூப் எல்லாரையும் முடக்கிவிடக் கூடாதே.

இந்த யோசனை புதுசு இல்லை. வீடுகளுக்கு இணையம் வருவதற்கு முன், போன் லைனில் மோடம் மாட்டி இன்னொருவர் கம்ப்யூட்டருக்குள் போய்ச் செய்தி படிக்கும், எழுதும் ‘புல்லட்டின் போர்டு’கள் இருந்தன. அவற்றை நடத்தப் பயன்பட்ட பிரபல மென்பொருள், அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த கிளார்க் டெவலப்மென்ட் தயாரித்த ‘பிசிபோர்டு’. 1990-களில் அதற்கென்றே பிபிஎல் என்ற மொழியும் ஒரு கம்பைலரும் வந்தன. பேசிக் மாதிரி எழுதினால், கம்பைலர் அதை ‘பிபிஇ’ ஃபைலாக மாற்றிக் கொடுக்கும். லாகின் திரை, மெனு, விளையாட்டு என நடத்துபவர்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

1997-ல் அந்த நிறுவனம் திவாலானது. அதன் பிறகு பிபிஎல் தெரிந்தவருக்கு வெளியே என்ன மதிப்பு? ஆனால் ஒன்று, பிசிபோர்டு அவரவர் கம்ப்யூட்டரில் இருந்தது. நிறுவனம் போனாலும் எழுதியது ஓடியது. டெலூஜுக்கு அந்த வசதியும் இல்லை. ஜோஹோவை விட்டு வேறு மென்பொருளுக்கு மாறினால், அத்தனையும் முதலிலிருந்து எழுதணும்.

1996-ல் தொடங்கிய ஜோஹோவுக்கு இப்போது அப்படி ஆபத்து எதுவும் தெரியவில்லை. ஜோஹோ மென்பொருளை மற்ற கம்பெனிகளுக்கு அமைத்துத் தரும் பார்ட்னர் நிறுவனங்களில் வேலை தேடுவோருக்கு டெலூஜ் நேரடியாகவே கைகொடுக்கும். அதை மட்டும் நம்பி ரெஸ்யூம் போடுவதுதான் ரிஸ்க். பழகும்போது ‘இன்வோக்யூஆர்எல்’ கட்டளையில் கூடுதல் நேரம் செலவிடலாம். வெளி மென்பொருள்களோடு ஏபிஐ வழியாகப் பேசுவது அதில் பிடிபட்டுவிடும். பைதானுக்கோ ஜாவாவுக்கோ போனாலும் அது உதவும். கட்டளைப் பெயர்கள் ஞாபகம் இல்லையா? கிரியேட்டரின் எடிட்டரில் கட்டளைகளை இழுத்துப் போட்டே தொடங்கலாம்.