கண்ணுக்குத் தப்பிய கட்டணம்

சிதம்பரத்திலிருந்து சென்னைக்குச் செல்போனில் பஸ் டிக்கெட் எடுப்பவரின் கண், பளிச்சென்ற நிறத்தில் இருக்கும் ‘பணம் செலுத்து’ பட்டனுக்குத்தான் போகும். அதன் மேலே மங்கலான எழுத்தில், முன்கூட்டியே டிக் அடித்த காப்பீடோ நன்கொடையோ இருந்தால் கவனிப்பதில்லை. பிறகு தெரிந்தாலும் ‘பத்து ரூபாய்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள். இப்படி விடுவதுதான் தவறு.

கண் எங்கே போகும் என்பதை மென்பொருள் நிறுவனங்கள் ஊகிக்க வேண்டியதில்லை. அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் பட வைத்து, கருவிழியில் அது மின்னும் இடத்தைக் கேமராவில் பிடித்தால், பார்வை திரையில் எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்று கணக்கிடலாம். நீல்சன் நார்மன் குழு 232 பேரின் பார்வையைப் பதிவுசெய்து, இணையப் பக்கத்தின் மேல் வரிகளும் இடது ஓரமுமே அதிகம் படிக்கப்படுவதாக 2006-ல் சொன்னது. இணையத்தில் பட்டா தேடும் விவசாயி எங்கே தடுமாறுகிறார் என்று கண்டு திருத்த அருமையான வழி இது. ‘வேண்டாம்’ என்ற பட்டனைக் கண்ணில் படாமல் ஒளிக்கவும் இதே அறிவு போதும்.

கேட்காததைக் கூடையில் சேர்ப்பது உட்பட 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் தடைசெய்தது. 2025 ஜூனில், நிறுவனங்களே மூன்று மாதத்தில் தங்களைத் தணிக்கை செய்துகொள்ளச் சொன்னது. தவறு செய்பவரிடமே தணிக்கையை ஒப்படைத்தால் என்ன நடக்கும்? மக்கள் புகார் கொடுத்தால்தான் ஏதாவது நகரும்.

பணம் கட்டும் முன்பே திரையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆர்டர் எண், வங்கிக் குறுஞ்செய்தி இரண்டையும் அழிக்காதீர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார். 48 மணி நேரத்தில் பெற்றதற்கான ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்த எண்ணை ஒவ்வொரு இ-சேவை மையச் சுவரிலும் எழுதி வைக்க அதிகாரிகளுக்கு என்ன தடை?

அதற்கும் மசியாவிட்டால், சிதம்பரத்தில் வசிப்பவருக்குக் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஸ்கிரீன்ஷாட் இல்லாமல் போகாதீர்கள்.

கண் அசைவு ஆய்வுக்கே யாராவது அழைத்தால்? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்தும், விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. ஒப்புதல் பற்றிய கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலாகும். அதுவரை காத்திராமல், எதற்குப் பதிவு, எப்போது அழிப்பார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 18 வயது நிரம்பாதவர் என்றால், பெற்றோர் படித்துக் கையெழுத்திடும்வரை கேமராவுக்கு அனுமதி கொடுக்கவே வேண்டாம்.