தாய்லாந்து உணவகத்துக்குப் போகலாமா? கேட்டுவிட்டுப் போகலாம்!

விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "வாப்பா, இந்த வாரம் எங்கே சாப்பிடப் போறோம்?" என்பதுதான். பிரியாணி, பரோட்டா, ஃப்ரைடு ரைஸ் எல்லாம் பழகிப்போய், இப்போது டாம் யம் சூப்பும் பாட் தாய் நூடுல்ஸும் கேட்கிறார்கள். சென்னை போன்ற நகரங்களில் தாய்லாந்து உணவு தரும் உணவகங்கள் பல இருக்கின்றன.

அப்படி ஓர் உணவகத்துக்கு நாங்களும் குடும்பத்தோடு போனோம். "இங்கே பன்றி இறைச்சி கிடையாது" என்றார் பணியாளர். அதிலேயே திருப்தி அடைந்து கோழி வறுவல் சொல்லிவிட்டோம். பாதி சாப்பிட்டபோது மகள் கேட்டாள்: "கோழி ஹலாலான்னு கேட்டீங்களா வாப்பா?"

கேட்கவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம்தான் காரணம். உடனே பணியாளரைக் கூப்பிட்டு விசாரித்தோம். கோழி எங்கே அறுத்தது என்று சமையல்காரருக்கும் தெரியவில்லை. வறுவலில் சமையல் ஒயின் சேர்ப்பதுண்டு என்று மட்டும் சொன்னார். பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தோம். தவறு அவர்களுடையதல்ல, முதலிலேயே கேட்காத நம்முடையது.

அதற்காகத் தாய்லாந்து உணவே நமக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

நம் அடுப்படிக்குப் பக்கத்து வீடு

தாய்லாந்துச் சமையலின் உயிர் தேங்காய்ப்பால். நெய்ச்சோற்றுக்கும் இறைச்சி ஆணத்துக்கும் தேங்காய்ப்பால் சேர்க்கும் நமக்கு அது புதிதல்ல. அவர்கள் கோழியைச் சுற்றிப் பொரிக்கும் பாண்டான் இலை, நம் கடலோர ஊர்களில் சோற்றில் போடும் ரம்பை இலைதான். சூப்பில் மிதக்கும் கிழங்குத் துண்டு, நாம் சளிக்குக் கஷாயம் வைக்கும் சித்தரத்தையின் இனம். பாட் தாய் நூடுல்ஸில் புளிப்புக்குப் புளியும் இனிப்புக்குப் பனைவெல்லமும் சேர்க்கிறார்கள்.

உறவு சமையலோடு நிற்கவில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களைச் சேர்ந்த நம்மவர்கள் ரத்தினக்கல் வணிகத்துக்காக பாங்காக் சென்று வருகிறார்கள்; அங்கேயே குடும்பத்தோடு வாழ்பவர்களும் உண்டு.

முஸ்லிம்கள் தந்த உணவுகள்

தாய்லாந்தில் பௌத்தர்களே பெரும்பான்மை. ஆனால் தெற்கே மலேசிய எல்லைக்கு அருகிலுள்ள பட்டானி, யாலா, நராதிவாட் மாநிலங்களில் முஸ்லிம்கள்தான் அதிகம். புகழ்பெற்ற தாய்லாந்து உணவுகள் சிலவற்றில் முஸ்லிம்களின் கைமணம் இருக்கிறது.

மஸ்ஸமான் கறி: 'முசல்மான்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. பட்டை, கிராம்பு, ஏலக்காய், சாதிக்காய் மணக்க, தேங்காய்ப்பாலில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் வேகும். காரம் குறைவு என்பதால் பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

காவ் மோக் காய்: மஞ்சள் நிறச் சோற்றுக்குள் கோழியைப் புதைத்து வேகவைப்பது. தாய்லாந்து பிரியாணி என்றே சொல்லலாம். மேலே பொரித்த வெங்காயமும் பக்கத்தில் வெள்ளரிக்காயும் வைத்துத் தருவார்கள்.

காவ் சோய்: வடக்கே சியாங் மாய் நகரின் தேங்காய்ப்பால் நூடுல்ஸ். சீனாவின் யுன்னான் பகுதியிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களோடு இதன் வரலாறு இணைந்திருக்கிறது.

ஆகவே ஹலால் தாய்லாந்து உணவு என்பது நமக்காக மாற்றிச் செய்த குறைச்சலான உணவல்ல. அது அந்த நாட்டிலேயே வேரூன்றிய ஒன்று.

என்னென்ன கேட்க வேண்டும்?

1. இறைச்சி ஹலாலா, எங்கிருந்து வாங்குகிறார்கள்? சான்றிதழ் இருந்தால் எந்த அமைப்பு தந்தது, காலாவதி ஆகவில்லையா என்று பார்க்கலாம்.

2. பன்றி இறைச்சி சமைக்கிறார்களா? தாய்லாந்தில் துளசி வறுவலைப் பன்றிக் கொத்துக்கறியிலும் செய்வார்கள். உணவுப் பட்டியலில் அது இருந்தால் சட்டி, எண்ணெய், கரண்டி தனியா என்று கேட்க வேண்டும்.

3. சமையலில் ஒயின் சேர்க்கிறார்களா? சீனச் சாயல் கொண்ட வறுவல்களில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

4. எந்த சாஸ் சேர்க்கிறார்கள்? மீன் சாஸ், இறால் விழுது, சிப்பியிலிருந்து எடுக்கும் ஆய்ஸ்டர் சாஸ் மூன்றும் அங்கே அன்றாடப் பொருள்கள். 'வெஜ்' கறியிலும் இறால் விழுது இருக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில் இவற்றுக்குத் தடையில்லை. ஹனஃபி மத்ஹபில் கடல் உயிர்களில் மீன் மட்டுமே கூடும். சிப்பி கூடாது, இறாலில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவரவர் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இந்தக் கேள்வி அவசியம்.

5. மது பரிமாறும் இடமா? அப்படியானால் வேறு இடம் பார்ப்பதே குடும்பத்துக்கு நல்லது.

இதையெல்லாம் மேசையில் உட்கார்ந்த பிறகு கேட்டால்தான் கூச்சம். வீட்டிலிருந்தே தொலைபேசியில் கேட்டுவிட்டால் 2 நிமிட வேலை. திருப்தியான பதில் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே சமைக்கலாம். தாய்லாந்திலிருந்து வரும் கறி விழுது, சாஸ் பாட்டில்கள் பலவற்றில், வைர வடிவக் கட்டத்துக்குள் அரபியில் 'ஹலால்' என்று எழுதிய அந்நாட்டு மத்திய இஸ்லாமியக் குழுவின் முத்திரை இருக்கும். அதைப் பார்த்து வாங்கலாம்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் உணவகத்துக்கு முன்கூட்டியே அழைத்துக் கேட்கும் பொறுப்பு மகளுடையது. சலாமுடன் பதில் வந்தால் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. "தெரியாது" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழுத்துகிறாள். எந்த ஊருக்குப் படிக்கவோ வேலைக்கோ போனாலும், கேட்டுச் சாப்பிடும் இந்தப் பழக்கம் அவளோடு போகும், இன்ஷா அல்லாஹ்.